சங்கத் தொண்டில் சிறந்த தமிழவேள்

திருவாரூரில் 1903ஆம் ஆண்டு பிறந்த கோ. சாரங்கபாணி அவர்கள், 1924இல் சிங்கப்பூர் வந்தடைந்தார். பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர் சாதிப் பிரிவினையாலும் மதுவாலும் நலிந்திருந்த காலம் அது. தனியொருவரின் நல்லெண்ணத்தால் மட்டும் இந்நிலை மாறாது என்றுணர்ந்த அவர், 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் இணைந்து முன்னின்று உழைத்தார். சங்கத்தின் நோக்கம் மக்களைச் சென்றடைய 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார்.

பிரிந்து நின்றோரை ஒன்றுகூட்ட, 1952ஆம் ஆண்டு பொங்கல் நன்னாளையொட்டித் தமிழர் திருநாள் மலர வழிவகுத்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்த வேளையில், அதில் தமிழுக்கு உரிய இடம் கிட்டுமா என்ற ஐயம் எழுந்தது. அவர் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். எளிய தொழிலாளரும் இயன்றதை ஈந்தனர். 1956இல் அத்துறை அமைந்தபோது அதில் தமிழ் இடம்பெற்றது. அந்நிதி நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவிற்று.

1974இல் அன்னார் மறைந்தார். தேர்வடத்தைப் பலரும் சேர்ந்து பிடித்தால்தான் தேர் நிலைக்கு வந்து சேரும். சங்கத்தில் சேர்ந்து உழைப்பதும் அத்தகைய திருப்பணியே என்பதை அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.