அகதியாக வந்தவர் ஆரம்பித்த ஆம்பெக்ஸ்: டிவி காட்சிகள் டேப்பில் ஏறிய கதை

காலையில் ஒரு தலைவர் பேசியதை இரவு செய்தியில் பார்க்கிறோம். தவறவிட்ட சீரியலை மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் 1950-களின் நடுப்பகுதி வரைக்கும் டிவி காட்சியை டேப்பில் பதிவு செய்யும் மெஷின் விற்பனைக்கே வரவில்லை. அதை முதலில் கொண்டு வந்தது ஸ்பூல் டேப் ரெக்கார்டர் தயாரித்து வந்த ஆம்பெக்ஸ். சோனி, பிலிப்ஸ் அளவுக்குப் பிரபலமாகாத பெயர். அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு மனிதர் இருக்கிறார்.

யார் இந்த பொனியாடாஃப்?

அலெக்சாண்டர் எம். பொனியாடாஃப் 1892-ல் ரஷ்யாவின் கசான் பகுதியில் பிறந்தவர். ஜெர்மனியில் இன்ஜினியரிங் படித்தார். முதல் உலகப் போரில் ரஷ்யக் கடற்படை விமானி. 1917 புரட்சிக்குப் பின் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த படையில் சேர்ந்தார். அந்தப் படை தோற்றதால் சொந்த ஊரை விட்டு சீனாவுக்குத் தப்பி, ஷாங்காய் மின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1927-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1944-ல், 52 வயதில், கலிஃபோர்னியாவின் சான் கார்லோஸில் சொந்தமாக கம்பெனி ஆரம்பித்தார். தன் பெயரின் முதல் எழுத்துகளான ஏ, எம், பி. கூடவே மேன்மை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள். அதுதான் ஆம்பெக்ஸ். விமான ரேடார்களுக்கு மோட்டார் செய்து கொடுப்பதுதான் வேலை. போர் முடிந்தது, ஆர்டரும் நின்றுபோனது.

கைகொடுத்த பாடகர்

அந்த நேரத்தில்தான் அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஜாக் முல்லின், ஜெர்மனியில் கிடைத்த மேக்னட்டோஃபோன் டேப் ரெக்கார்டர்களை ஊருக்குக் கொண்டு வந்திருந்தார். 1946 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் அதை அவர் இயக்கிக் காட்டினார். இரைச்சலே இல்லாத அந்த ஒலியைக் கேட்டு அசந்துபோனவர்களில் ஒருவர் ஹெரால்ட் லிண்ட்சே. பிறகு ஆம்பெக்ஸில் சேர்ந்தார். இதே மாதிரி மெஷினைச் செய்துவிடலாம் என்று பொனியாடாஃப் துணிந்து இறங்கினார்.

பணத்துக்குத்தான் திண்டாட்டம். வங்கிகள் கைவிரித்தன. அப்போது உதவியவர் பிரபல பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி. அமெரிக்காவின் கிழக்குக்கும் மேற்குக்கும் 3 மணி நேர வித்தியாசம். அதனால் ஒரே ரேடியோ நிகழ்ச்சியை இரண்டு தடவை நேரலையில் செய்ய வேண்டியிருந்தது. இசைத்தட்டில் பதிவு செய்தால் ஒலி கெட்டுவிடும். அவருக்கு டேப் அவசியம் தேவைப்பட்டது. 50,000 டாலருக்கு செக் அனுப்பி வைத்தார். 1948-ல் மாடல் 200ஏ வெளிவந்தது. வினாடிக்கு 30 அங்குல வேகத்தில் டேப் ஓடும் மெஷின்.

காட்சியைப் பிடித்தது எப்படி?

ஒலியைவிட டிவி காட்சியில் தகவல் பல மடங்கு அதிகம். டேப்பை அதற்கேற்ற வேகத்தில் ஓட்டினால் ஸ்பூல் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான ஆம்பெக்ஸ் குழு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. டேப் மெதுவாக ஓடட்டும், ஹெட் வேகமாகச் சுழலட்டும். 2 அங்குல டேப்பின் குறுக்கே 4 ஹெட்கள் நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்றன. அந்தக் குழுவில் இருந்த இளைஞர் ரே டால்பி. பள்ளியில் படிக்கும்போதே ஆம்பெக்ஸில் வேலைக்கு வந்தவர். இன்று தியேட்டர்களில் நாம் பார்க்கும் டால்பி, அவர் பெயர்தான்.

1956 ஏப்ரலில் சிகாகோவில் விஆர்-1000 அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 30-ம் தேதி சிபிஎஸ் டிவி, நியூயார்க்கில் வாசித்த செய்தியை லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவு செய்து, மேற்குப் பகுதிக்கு மறுபடி ஒளிபரப்பியது. ஆம், வீடியோ டேப்பிலிருந்து நெட்வொர்க்கில் முதலில் வந்ததே ஒரு செய்தி அறிக்கைதான்.

பின்னாளில் வீட்டு உபயோக ரெக்கார்டர் சந்தையை ஜப்பான் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. ஆம்பெக்ஸ் பெயர் மெல்ல மங்கியது. 1980-ல், 88 வயதில் பொனியாடாஃப் காலமானார்.

அதற்கு முன்பே ஒரு விசித்திரம் நடந்திருந்தது. 1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருசேவும் காரசாரமாக மோதிக்கொண்டார்கள். உலகமே பேசிய அந்தக் காட்சி பதிவானது ஆம்பெக்ஸ் வீடியோ டேப்பில். உயிர் பிழைக்க அவர் விட்டு ஓடி வந்த நாட்டுக்கு, அவர் பெயரைத் தாங்கிய மெஷின் போய்ச் சேர்ந்திருந்தது.