வக்கீலையே கூண்டில் ஏற்றிய சட்டம்! வ.உ.சி. சன்னதை இழந்த கதை

தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு அவர் பெயர், கல்லூரிக்கு அவர் பெயர். கப்பல் விட்டவர், செக்கு இழுத்தவர் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வ.உ.சிதம்பரம்பிள்ளை அடிப்படையில் ஒரு வக்கீல். சட்டத்தை வைத்துச் சோறு சாப்பிட்டவரை, அதே சட்டத்தைக் காட்டித்தான் வெள்ளைக்கார அரசாங்கம் மடக்கிப் போட்டது.

1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். மகன் கொஞ்ச காலம் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தார். பிறகு திருச்சிக்குப் போய் சட்டம் படித்து, 1895-ல் ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார்.

ஏழைகள் வந்தால் பீஸ் கேட்க மாட்டார். போலீசார் போட்ட வழக்குகளை கோர்ட்டில் உடைத்தார். சும்மா விடுவார்களா? உள்ளூரில் பகை வளர்ந்தது. இனி இங்கே இருந்தால் சரிப்படாது என்று 1900-ல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்.

25 ரூபாய் பங்கு

அப்போது தூத்துக்குடி - கொழும்பு கடல் பாதை முழுக்க பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில். அவர்கள் வைத்ததுதான் கட்டணம். 1906-ம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு. பாண்டித்துரைத் தேவர் தலைவர். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன.

வெள்ளைக்கார கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவரும் குறைத்தார். கடைசியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றி, கையில் குடையும் கொடுத்து அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

மில் வேலைநிறுத்தம்

அரசாங்கத்துக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது கப்பலை விட கோரல் மில் விவகாரம்தான். 1908 பிப்ரவரி 27-ந்தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு, வாரம் ஒரு நாள் லீவு. இதுதான் முக்கிய கோரிக்கை.

இதில் ஒரு வேடிக்கை. வார விடுமுறை தர வேண்டும் என்று 1891 தொழிற்சாலை சட்டத்திலேயே இருக்கிறது! சட்டத்தில் இருந்த லீவுக்குத்தான் தொழிலாளி பட்டினி கிடந்து போராட வேண்டி வந்தது. அதே சட்டம் 9 வயது பிள்ளை மில்லில் வேலை பார்க்கலாம் என்று அனுமதித்தது. 14 வயது வரை ஒரு நாளைக்கு 7 மணி நேரம் வேலை வாங்கலாம். ஆண்களுக்கு நேரக் கணக்கே கிடையாது. துணி மில்களில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பு 1911-ல்தான் வந்தது.

வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டம் போட்டார்கள். பட்டினி கிடந்தவர்களுக்கு ஊரில் பணம் திரட்டினார்கள். 9 நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு லீவு கிடைத்தது.

கலெக்டர் போட்ட உத்தரவு

வங்கத் தலைவர் விபின் சந்திர பால் விடுதலையானதை மார்ச் 9-ந்தேதி ஊர்வலமாகக் கொண்டாடினார்கள். கலெக்டர் விஞ்ச் கூப்பிட்டு அனுப்பினார். அரசியலை விட வேண்டும், தூத்துக்குடியை விட்டும் போக வேண்டும் என்றார். இருவரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 12-ந்தேதி கைது.

அந்தக் காலத்தில் கலெக்டர்தான் நிர்வாகி, அவரே மாவட்ட மாஜிஸ்திரேட்டு. உத்தரவு போடுகிறவரும் அவர், மீறினால் விசாரிக்கிறவரும் அவர். இரண்டையும் நாடு முழுக்க பிரித்துப் போட்டது 1973-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான்.

மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. அரசு அலுவலகங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக இல்லை. உள்ளே போனவருக்காக! திலகருக்காக பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியது அதே வருஷம் ஜூலையில்தான்.

இரட்டை ஆயுள்

வழக்கு 124-ஏ பிரிவில். அதாவது ராஜதுரோகம். 1870-ல் கொண்டு வந்த பிரிவு அது. 1897-ல் திலகர் மீது பாய்ந்த பிறகு, 1898-ல் இன்னும் விரிவாக்கினார்கள். போட்டது யார்? கல்கத்தாவில் இருந்த வைஸ்ராயின் சட்டசபை. அதில் அதிகாரிகள்தான் மெஜாரிட்டி. தூத்துக்குடி மில் தொழிலாளிக்கு ஓட்டே கிடையாது. 1920-ல் சென்னை சட்டசபைக்கு தேர்தல் நடந்தபோதும் சொத்து, வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. வயது வந்த எல்லோரும் ஓட்டு போட 1951-52 பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 21 வயது 18 ஆனது 1989-ல்.

1908 ஜூலை 7-ந்தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ராஜதுரோகத்துக்கு ஒரு ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு ஆயுள் தண்டனை. ஒன்றுக்கு 20 வருஷம் என்று கணக்கு. வ.உ.சி.க்கு அப்போது வயது 35. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு புத்தி பேதலித்துப் போனது. கடைசி வரை குணமாகவில்லை.

மேல்முறையீட்டில் ஐகோர்ட்டு தண்டனையைக் குறைத்தது. கோவை, கண்ணூர் ஜெயில்களில் நாலரை வருஷம் ஓடியது. கோவையில் மாட்டுக்குப் பதில் செக்கு இழுத்தார். அங்கேயும் வக்கீல் புத்தி விடவில்லை. மற்ற கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

அவர் மீது பாய்ந்த 124-ஏ சுதந்திரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது. 2022 மே மாதம்தான் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. 2023 டிசம்பரில் புதிய சட்டம் நாடாளுமன்றத்தின் இரு சபைகளிலும் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேர் சஸ்பெண்டு செய்யப்பட்டிருந்தார்கள். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த அந்த சட்டத்தில் ராஜதுரோகம் என்ற சொல் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்று 152-வது பிரிவு இருக்கிறது. ஆயுள் வரை தண்டனை கொடுக்கலாம்.

சன்னது போச்சு

1912 டிசம்பர் 24-ந்தேதி வெளியே வந்தார். கப்பல் கம்பெனி மூழ்கியிருந்தது. அதை விடப் பெரிய அடி, வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. தண்டனை பெற்றவர் கோர்ட்டு படியேறி வாதாட முடியாது. தெரிந்த ஒரே தொழில் போனது. சென்னையில் சின்னதாக வியாபாரம் செய்து பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. குடும்பம் கஷ்டப்பட்டது.

கடைசியில் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றியை வ.உ.சி. மறக்கவில்லை. மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நீதிபதி பெயரைச் சாமி பெயர் போல ஆக்கிவிட்டார்!

கோவில்பட்டியில் வாதாடினார். 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். வருமானம் பழைய மாதிரி வரவில்லை. சாகும் முன் எழுதி வைத்த உயிலில் கொடுக்க வேண்டிய கடன்களை வரிசையாக எழுதினார். ஜவுளிக் கடை பாக்கி, எண்ணெய்க் கடை பாக்கி கூட அதில் இருந்தது. 1936 நவம்பர் 18-ந்தேதி அவர் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.