நின்ற இதயத்தை இயக்கிய மருத்துவர்

டாக்டர் கிளாட் பெக் 1894-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். கிளீவ்லாந்து நகரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். இதயம் நின்றால் எல்லாம் முடிந்தது என்று பலரும் கைவிட்ட காலம் அது.

1947-இல், நம் வயதையொத்த 14 வயதுச் சிறுவனுக்கு மார்பில் அறுவை சிகிச்சை முடியும் தறுவாயில் இதயத்துடிப்பு நின்றது. பெக் மனந்தளரவில்லை. அரைமணி நேரத்திற்கு மேலாக இதயத்தைக் கையால் பிசைந்து, மூளைக்கு இரத்தம் செல்லச் செய்தார். பின்பு, விலங்குகளிடம் முன்பே சோதித்திருந்த முறைப்படி இதயத்தில் மின்சாரம் பாய்ச்சினார். முதலில் பலிக்கவில்லை; மீண்டும் பாய்ச்சினார். இதயம் துடித்தது, சிறுவன் பிழைத்தான்!

பின்னர் இம்முறையை மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் கற்பித்த பெக், 1971-இல் மறைந்தார். ஆபத்து வருமுன் ஆயத்தமாயிருந்ததே அவரது வெற்றி. நாமும் அவ்வாறே கற்று, பிறர் உயிர் காப்போமாக!