திரு. வி. க.வும் தொழிலாளியின் வருஷக் கூலியும்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லிப் பக்கத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883-ம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி பிறந்தவர் கலியாணசுந்தரனார். பெயரின் முன்னிற்கும் திரு என்பதை மரியாதைச் சொல்லென்று பலர் எண்ணுகின்றனர். அது முன்னோரின் திருவாரூரைக் குறிப்பது. அவர் பிறந்த பக்கத்துக்கு வடக்கே அம்பத்தூரும் ஆவடியும் 1960-களில் தொழிற்சாலை ஊர்களாயின. ஆங்குள்ள தொழிலாளி தன் வருஷக் கூலியைக் கணக்கிடும்போது ஓவர்டைம் என்று ஓர் இனம் எழுதுகிறான். அவ்வினம் எங்ஙனம் வந்ததென்பதை அறிய வேண்டுவோர் இவர் வாழ்க்கையை அறிதல் நலம்.

ஸ்பென்ஸர் கம்பெனியில் சிலகாலம் கணக்கராயிருந்தார். பின்னர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியரானார். 1917-ல் அப்பதவியை விடுத்துத் தேசபக்தன் ஆசிரியரானார். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. வாடியா தலைவர்; நமது தமிழ்ப் புலவர் உதவித் தலைவர். இலக்கணம் கற்பித்தவர் ஆலைத் தொழிலாளரிடையே நின்றது அந்நாளில் புதுமையே.

அக்காலத்தில் 1911-ம் வருஷச் சட்டப்படி நெசவாலையில் ஆடவர் நாளொன்றுக்கு 12 மணி வேலை செய்யலாம். வாரத்தில் ஆறு நாளுக்கு 72 மணி. நாள் முழுதும் முதலாளிக்கே உரியதாயின் மிகுநேரம் என்று ஒன்று எங்கே உண்டு? எல்லை வகுத்த பின்னரே எல்லை கடந்த நேரத்துக்கு விலை கேட்க இயலும். வாரக் கூலி அப்படியே நிற்க, வேலை 72 மணியிலிருந்து 48 மணியாகக் குறையின் ஒரு மணிக் கூலி ஒன்றரை மடங்காகிறது. இதை மறந்து கூலி உயர்வை மட்டும் பேசுவோர் பாதிக் கணக்கையே பார்க்கின்றனர்.

எல்லை எளிதில் வந்துவிடவில்லை. பின்னி கம்பெனியார் வாடியா மீது வழக்குத் தொடுத்து, 1920-ல் ஹைகோர்ட்டில் தடையுத்தரவு பெற்றனர். 1921-ல் மூண்ட ஆலைப் போராட்டம் அக்டோபர் வரை நீண்டது. பல மாதக் கூலி இழந்த வருஷத்தில் பன்னிரண்டால் பெருக்கிய கணக்கு ஏட்டளவே. கவர்னர் வில்லிங்டன் கலியாணசுந்தரனாரை அழைத்து, நாடு கடத்த நேருமென்று எச்சரித்தார். அவர் சங்கத்தை விடவில்லை. 1922-ல் வாரம் 60 மணி, 1934-ல் 54 மணி, 1946-ல் 48 மணியென எல்லை சுருங்கிற்று. 1947-ல், காங்கிரஸ் சர்க்காரே அவரை வீட்டுக்குள் காவலில் வைத்தது. தேசபக்தன் நடத்தியவருக்கு இது நேர்ந்ததை நாம் வருத்தத்தோடு குறிக்கிறோம்.

1948-ம் வருஷச் சட்டம் மிகுநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி விதித்தது. மணிக்கு 60 ரூபாய் பெறுபவனை உதாரணமாகக் கொள்வோம். வாரம் 48 மணி, 52 வாரம்: 2,496 மணி, கூலி 1,49,760 ரூபாய். வருஷத்தில் 200 மணி மிகுநேரம் உழைத்தால் 120 ரூபாய் வீதம் 24,000 ரூபாய். ஆகமொத்தம் 1,73,760 ரூபாய். இது பிடித்தங்களுக்கு முந்திய தொகை. ஒற்றைக் கூலி தந்து ஒப்பேற்றினால் அவன் இழப்பது 12,000 ரூபாய். இரட்டிப்பதும் அடிப்படைச் சம்பளத்தை மட்டுமன்று. போனஸ் நீங்கலாகப் படிகளையும் சேர்த்தே இரட்டிக்க வேண்டுமென்று அச்சட்டம் கூறிற்று. கணக்குச் சீட்டில் பெரும்பாலும் மறைவது இப்படிகளே.

அச்சட்டம் 1949 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. கலியாணசுந்தரனார் 1953 செப்டம்பர் 17-ல் காலமானார்.