கிம் சூ-குன்: ஒரே கை வரைந்த இரண்டு படிக்கட்டுகள்

தென்கொரியாவின் நவீன கட்டடக்கலையைப் பற்றிப் பேசுபவர்கள் எப்படியும் கிம் சூ-குன் என்ற பெயருக்கு வந்து சேர்வார்கள். சியோல் ஒலிம்பிக் விளையாட்டரங்கை வடிவமைத்தவர் என்றால் பலருக்கு விளங்கும். நான் அவரைத் தேடி வாசிக்கத் தொடங்கியது அந்த அரங்கிற்காக அல்ல. அவர் வரைந்த இரண்டு படிக்கட்டுகளுக்காக.

1931 இல், இன்று வடகொரியாவுக்குள் இருக்கும் சொங்ஜின் நகரில் பிறந்தார். நாடு அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது. 1950 இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார்; அதே ஆண்டு போர் வெடித்தது. போருக்கு நடுவே கள்ளமாகக் கடல் கடந்து ஜப்பானுக்குப் போய், தோக்கியோவில் படிப்பைத் தொடர்ந்தார். தம்மை ஆண்டவர்களின் நாட்டிலேயே படித்து ஆளாக வேண்டியிருந்தது. அந்தக் கசப்பு பிறகு வேறு விதமாக அவரைத் துரத்தியது.

மாணவராக இருந்தபோதே நண்பர்களுடன் சேர்ந்து தேசிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கான போட்டியில் முதற்பரிசு பெற்றார். 1961 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்தக் கட்டடம் எழவேயில்லை. ஆனால் ஆட்சியைப் பிடித்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. பெரிய அரச வேலைகள் அவரைத் தேடிவந்தன. 1960களின் கடைசியில் நகரின் நடுவே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு எழுந்த செவூன் கடைத்தொகுதி அவற்றில் ஒன்று. போரால் இடம்பெயர்ந்து வந்தவர்களின் குடிசைகள் நின்ற நிலம் அது. குடிசைகளை அகற்றிவிட்டே அதைக் கட்டினார்கள். கட்டடக்கலைப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடும்.

1967 இல் புயோ நகர நூதனசாலை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதன் கூரை ஜப்பானியக் கோயிலைப் போல இருக்கிறது என்று பத்திரிகைகள் சாடின. அவர் கலங்கிப்போனார். கலை வரலாற்றாளர் சொய் சுன்-உவின் துணையோடு பழைய கொரிய வீடுகளைத் திரும்பவும் பார்க்கத் தொடங்கினார். முற்றம், தாழ்ந்த கூரை, ஓர் அறைக்குள் இருந்தபடி இன்னோர் அறையை எட்டிப் பார்க்கும் அமைப்பு, மனித உடலுக்கு அளவான சிறிய இடங்கள் ஆகியவற்றையெல்லாம் செங்கல்லில் கொண்டுவர முயன்றார்.

அதன் விளைவுதான் அவரது சொந்த அலுவலகமான 'கொங்கான்'. சங்தொக் அரண்மனைக்குப் பக்கத்தில் 1971 இலும் 1977 இலும் இரண்டு கட்டமாக எழுந்தது. கருஞ்செங்கல் சுவர், அதன்மேல் படர்ந்த கொடி. உள்ளே ஒருவர் மட்டும் ஏறக்கூடிய ஒடுங்கிய சுருள்படிக்கட்டு. குறுகலாக ஏறிப்போகிறவர் திடீரென உயர்ந்த கூடமொன்றில் வெளிப்படுவார். அங்கிருந்த சிறிய அரங்கில்தான் 1978 இல் 'சமுல்நோரி' முதன்முதலாக மேடையேறியது. வயல்வெளிகளில் ஒலித்த கிராமத்து மேளதாளத்தை நான்கு கருவிகளாக நகர மேடைக்குக் கொண்டுவந்த கலை அது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குக் கதவு திறந்த மனிதர் என்று அவரை இன்றும் நன்றியோடு நினைப்பவர்கள் உண்டு.

இரண்டாவது படிக்கட்டு நம்யொங்-தொங்கில் இருக்கிறது. 1976 இல், அதாவது கொங்கானின் இரண்டு கட்டங்களுக்கும் இடையில், பொலிஸாரின் கம்யூனிச எதிர்ப்பு விசாரணை நிலையத்துக்காக அவர் வரைந்தது. இங்கும் கருஞ்செங்கல், இங்கும் சுருள்படி. பின்வாசலிலிருந்து தொடங்கும் அந்தப் படி இடையில் எந்த மாடியிலும் திறக்காமல் நேரே ஐந்தாம் மாடிக்குப் போகிறது. கண்ணைக் கட்டி ஏற்றப்படுபவருக்கு எத்தனையாம் மாடி, எந்தத் திசை என்று தெரியாது. ஐந்தாம் மாடி யன்னல்கள் தலைகூட நுழையாத கீறல்கள். எதிரெதிர் அறைகளின் கதவுகள் நேர்க்கு நேர் வராமல் விலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மாடியின் இலக்கத்தையே பெயராக வைத்து ஓர் இடத்தை அஞ்சும் வழக்கம் எம் வாசகர்களுக்குப் புதிதல்ல.

வரைந்தவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கொரியாவில் இன்றும் வாதிடுகிறார்கள். அரசு கேட்டதைக் கொடுத்தார், அக்காலத்தில் மறுக்க முடியாது என்பது ஒரு தரப்பு. நான் அதை ஏற்கவில்லை. கதவில்லாத நான்கு மாடிகளைத் தாண்டி ஏறும் படிக்கட்டு தற்செயலாகத் தாளில் விழாது. ஒடுங்கிய இடம் மனித மனதை என்ன செய்யும் என்று அந்த நாட்டில் அவரளவுக்கு அறிந்தவர்கள் மிகச் சிலரே.

1985 இல் ஜனநாயகப் போராளி கிம் கூன்-தே அங்கே நீராலும் மின்சாரத்தாலும் சித்திரவதை செய்யப்பட்டார். கிம் சூ-குன் 1986 யூனில் புற்றுநோயால் 55 வயதில் இறந்தார். ஏழு மாதம் கழித்து, 1987 ஜனவரி 14 அன்று, 509ஆம் இலக்க அறையில் பார்க் ஜொங்-சொல் என்ற மாணவர் நீர்ச் சித்திரவதையில் கொல்லப்பட்டார். அந்த மரணம் மூட்டிய கோபம் யூன் மாதத்தில் தெருக்களை நிரப்பி, ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தெரிவுசெய்யும் உரிமையைப் பெற்றுத்தந்தது.

கொங்கான் நிறுவனம் 2013 இல் நொடித்துப்போனது. கட்டடத்தை வாங்கிய அராரியோ அதை 2014 இல் கலைக் காட்சியகமாகத் திறந்தது. சுவரை உடைக்கவில்லை, அறைக்கு ஏற்ற ஓவியங்களைத் தேடி வைத்தார்கள்.

நம்யொங்-தொங்கில் காரியம் இவ்வளவு நேராக நடக்கவில்லை. பொலிஸார் வசம் இருந்த காலத்திலேயே, திருத்த வேலை என்ற பெயரில் மற்ற விசாரணை அறைகளின் தண்ணீர்த் தொட்டிகள் பெயர்க்கப்பட்டுவிட்டன. 509 மட்டும் பழையபடி தப்பியது. பாதிக்கப்பட்டோரும் குடும்பத்தினரும் விடாமல் கேட்டதால் 2018 டிசம்பரில் கட்டடம் பொலிஸாரின் கையைவிட்டுப் போனது. 2025 யூனில் ஜனநாயக இயக்க நினைவகமாகத் திறக்கப்பட்டது. சுருள்படி அப்படியே இருக்கிறது. ஐந்தாம் மாடி யன்னல்களையும் யாரும் அகலமாக்கவில்லை.