மறைத்து வைத்த பெயரே பத்திரிகையின் பெயரானது

முப்பது வயதைக் கடந்துவிட்டால் இனி என்ன புதிதாகத் தொடங்குவது என்று நம்மில் பலர் ஓய்ந்துவிடுகிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நம் தம்பிமார்களிடமும் இந்தச் சலிப்பைப் பார்க்கிறோம். அவர்களுக்காகவே இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கையை இங்கே நினைவுகூர்கிறோம்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் அவர். நம் திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. கோவையில் அவர் படித்த கல்விக்கூடத்தில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் போக மற்ற அனைவரும் பிராமணர்கள். யாரோடும் பழகினால் சாதியும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிடுமே என்று அஞ்சினார். மணி அடிக்கும்வரை வெளியே உட்கார்ந்து படிப்பார். வகுப்பு விட்டதும் பிள்ளைகள் எட்டிப் பிடிக்குமுன் விரைந்து வீடு போய்விடுவார்.

படித்து முடித்தபின் நீலகிரியில் கணக்கர் வேலை. குடும்பம் நடத்தப் போதுமான, மதிப்பான வேலைதான். அதை விட்டு 1890-ல் சென்னைக்கு வந்தார். 1891-ல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். முப்பதைத் தாண்டிய அந்த வயதில், அதுவரை செய்தறியாத பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். 1893 அக்டோபரில் நான்கு பக்க மாத இதழ் வெளிவந்தது. விலை இரண்டணா. அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’.

பள்ளியில் எந்தப் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று ஓடினாரோ, அதையே முகப்பில் அச்சிட்டார். பிறர் வசையாக வீசிய சொல்லை நாமே தலைநிமிர்ந்து சொன்னால் அந்த வசையின் வலு குறையும் என்பதை அச்செழுத்தில் காட்டினார். சென்னையில் இரண்டே நாளில் ஏறத்தாழ 400 பிரதிகள் விற்றன. பின்னர் அது வார இதழாகவும் வளர்ந்தது. இடையூறும் வந்தது. இதழில் வெளியான ஒரு கடிதத்துக்காக வழக்குத் தொடரப்பட்டு, 100 ரூபாய் அபராதம் கட்ட நேர்ந்தது. ஆனாலும் 1900 வரை இதழ் நின்றுவிடவில்லை.

அதன்பின் கடல் கடந்து சென்றார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1921-ல் தாயகம் திரும்பியபோது அறுபதைத் தாண்டியிருந்தார். அப்போதும் ஓயவில்லை. 1923-ல் சென்னை சட்டசபையில் உறுப்பினரானார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-ல் அங்கே கொண்டுவந்தார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். 1945-ல் மறைந்தார்.

தன் கதையை 1939-ல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலாகவும் எழுதி வைத்தார். மாணவர்களே, ஊர் நூலகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மாலையில் படித்துவிடலாம். படித்ததும் வேலை முடிந்து வரும் அண்ணனிடமும் அக்காவிடமும் கொடுங்கள்.