கோவை தந்த தொழில் மேதை ஸ்ரீமான் ஜி. டி. நாயுடு

பொருளீட்டும் வழிகள் பல. அவற்றுள் கைத்தொழிலால் ஈட்டும் வழி மேன்மையுடைத்து என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும் தொழில் தொடங்குவார்க்கு முதற்கண் வேண்டுவது யாது என்று வினவின், மூலதனம் என்பார் பலர். பட்டப் படிப்பு என்பார் சிலர். இவ்விரண்டும் இன்றி, ஒரு பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்று அறியும் வேட்கையையே முதலாகக் கொண்டு உயர்ந்த ஒருவரது ஜீவிய சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நலம்.

ஸ்ரீமான் கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ந் தேதி, கோயமுத்தூர் ஜில்லா சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரிலே பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் சென்றிலது. தொடக்க வகுப்புகளோடு அது நின்றது. இளமையில் தம் ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி வண்டி ஓடுவதைக் கண்டு வியந்தவர் அந்நாளில் எத்துணையோ பேர். வியந்தவர் பலரும் வீடு திரும்பினர். இவரோ அதன் உட்புறம் எத்தகையது என்று அறியாமல் அமைதி கொள்ள இயலாதவரானார்.

வண்டி வாங்கப் பணம் இல்லை. கோயமுத்தூர் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்கு அமர்ந்தார். பெற்ற கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதன்மேல் ஏறி உலாப் போதலோடு நின்றாரல்லர். அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். அவர் பயின்ற கலாசாலை அதுவே எனலாம்.

பின்னர்ப் பஞ்சு வியாபாரத்திலும் இறங்கினார். அதில் நஷ்டமே கண்டார். எனினும் மனம் தளர்ந்தாரல்லர். 1920-ம் ஆண்டில், கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவி பெற்று ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு பஸ்ஸே வளர்ந்து யூ. எம். எஸ். என்னும் பெருந் ஸ்தாபனமாயிற்று. அவருடைய பஸ்கள் 200-க்கு மேற்பட்டன. குறித்த நேரத்தில் வண்டி புறப்படுதல் என்னும் ஒழுங்கு அவர் நிறுவனத்துக்குப் புகழ் தந்தது.

செல்வம் சேர்ந்த பின்னும் அவர் ஆராய்ச்சி ஓயவில்லை. மேனாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளைக் கண்டு வந்தார். உலர்ந்த மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி ஒன்றை அமைத்தார். 1937-ம் ஆண்டில், டி. பாலசுந்தரம் என்பாருடன் கூடி, இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின்சார மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். பம்பு செட்டுகளுக்கும் மோட்டார்களுக்கும் கோவை இன்று பெற்றுள்ள பெயருக்கு அம்முயற்சி ஒரு வித்தாகும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். உழவிலும் பருத்தி, பப்பாளி முதலியவற்றில் புதுமைகள் விளைத்தார்.

1945-ம் ஆண்டில் கோவையில் தொழிற் கல்விச் சாலைகள் எழத் தம் பொருளை உதவினார். ஏட்டுக் கல்வியில் ஆண்டுகளைக் கழியாது, கைப்பழக்கத்தோடு குறுகிய காலத்தில் தொழில் கற்பித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதிகாரிகள் அதற்கு இசையாமையால் அப்பொறுப்பினின்றும் விலகினார்.

தோல்விகளும் அவருக்கு உண்டு. 1952-ல் இருவர் அமரும் சிறு மோட்டார் காரை 2,000 ரூபாய் விலையில் தர முனைந்தார். சர்க்காரின் அனுமதி கிடைக்காமையால் அம்முயற்சி நின்றது. வேட்கையும் திறமையும் இருந்தும், சட்டமும் காலமும் துணை செய்யாவிடில் ஒரு தொழில் மலராது போகலாம் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அப்பெரியார் காலமானார். அவர் சேர்த்த கருவிகளும் யந்திரங்களும் கோவை அவினாசிச் சாலையில் காட்சிப் பொருள்களாய் நின்று சிறுவர்க்கும் அறிவூட்டுகின்றன.

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தார்க்கு இச்சரித்திரம் அயலானதன்று. அன்று கோவையில் ஓர் இளைஞர் விடுதியில் உழைத்துச் சேர்த்த பொருளால் ஒரே ஒரு யந்திரத்தைப் பெற்றுப் பிரித்துப் பார்த்தார்; இன்று நம் மக்கள் ஆயிரம் யந்திரங்களுக்கு நடுவே நாடோறும் நிற்கின்றனர். மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு நிறுவனம் 2021-ல் அறிவித்து, 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியபொழுது, அதனை நம்பியிருந்த இல்லங்கள் எய்திய கவலையை நாம் அறிவோம். கூலி ஆலையோடு நிற்கும்; ஆலையில் கற்ற அறிவோ கற்றவனோடு செல்லும். தான் முடுக்கும் திருகு எதற்காக அங்குள்ளது என்று கேட்டறிந்தவன், ஆலை மூடினும் சிறு பட்டறை ஒன்றேனும் தொடங்க வல்லவனாவான். கேளாதவன் வேறோர் ஆலையின் வாயிலையே எதிர்நோக்குவான்.

ஆதலின் பெற்றோர்களே, வீட்டிலுள்ள கடிகாரத்தையோ மின்விசிறியையோ பிள்ளை பிரித்துப் பார்ப்பின், பொருள் கெட்டதென்று உடனே அடித்தல் வேண்டா. மின் இணைப்பை நீக்கி, அருகிருந்து காத்து, மீண்டும் பூட்டுமாறு பணியுங்கள். இளைஞர்களே, மாதச் சம்பளத்தைப் பெறுவதோடு அம்மாதத்தில் புதிதாய் ஒரு தொழில் நுட்பத்தையும் பெற்றோமா என்று எண்ணிப் பாருங்கள். நம் சங்கத்துக் குடும்பங்களில் இவ்வேட்கை தழைப்பதாக.